ஒளிரக் கூடாத குழாய்

எனக்குக் கர்வம் உண்டு. மறைத்துப் பயனில்லை, என்னோடு பத்து நிமிடம் பேசினாலே யாருக்கும் தெரிந்துவிடும். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியாக இருந்த நாட்களில் என் முதுகுக்குப் பின்னால் "வந்துட்டா மகாராணி" என்பார்கள், அதுவும் எனக்குக் கேட்கிற மாதிரியே. நான் மகாராணியும் இல்லை, மந்திரி மகளும் இல்லை. அப்பா நாவலப்பிட்டி ரயில் நிலையத்தில் சிக்னல் லீவர் இழுப்பவர். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து அரசாங்க உத்தியோகம் வரைக்கும் வந்த மனிதர். அவருடைய மகள் பாக்டீரியாவின் உள்ளே கைவைத்து அதற்குக் கட்டளை போட்டாள் என்றால் கர்வம் வராமல் என்ன வரும்?

யுத்தத்தின் கடைசி வருடங்கள் அவை. எண்பத்துமூன்று கலவரத்தில் எங்கள் வீட்டுச் சாமான்கள் எரிந்தபோது எனக்கு மூன்று வயது, அதனால் அது எனக்கு ஞாபகமில்லை. அம்மாவுக்கு இருந்தது. என் பரீட்சைச் சான்றிதழ்களையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, ஓட வேண்டி வந்தால் கையில் எடுக்க வசதியாகக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருப்பார். காலை ரயிலில் ஏறினால் கம்பளை, கெலிஓயா தாண்டிப் பேராதனையில் இறங்குவேன். இறங்கியதும் சோதனைச் சாவடியில் வரிசை. அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் என் பையை மட்டும் கொஞ்சம் ஆழமாகக் கிளறுவார்கள்.

நான் செய்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். பாக்டீரியாவை ஒளிர வைப்பதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. ஜெல்லி மீனிலிருந்து எடுத்த ஒரு மரபணுவை அதற்குள் வைத்துவிட்டால் அது ஒரு புரதத்தைச் செய்யும். இருட்டில் புறஊதா விளக்கைப் பிடித்தால் பச்சையாக ஒளிரும். அதை உலகமே செய்துகொண்டிருந்தது. நான் சொல்லும்போது மட்டும் ஒளிர வேண்டும், சொல்லாதபோது ஒரு பொட்டு வெளிச்சம்கூட வரக் கூடாது என்பதுதான் என் ஆய்வு.

மரபணுவில் உள்ளதை முதலில் ஆர்.என்.ஏ. என்ற நீண்ட நாடாவாகப் பிரதி எடுத்து, அந்த நாடாவைப் படித்துத்தான் கலம், அதாவது செல், புரதத்தைச் செய்கிறது. படிக்கத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் சில எழுத்துகளைச் சேர்த்துவிட்டால், நாடா தன் மேலேயே மடிந்து அந்தத் தொடக்கத்தை மூடிக்கொள்ளும். கலத்தால் படிக்க முடியாது. இது பூட்டு. வேறொரு சின்ன ஆர்.என்.ஏ. துண்டு வந்து மடிப்போடு பொருந்தினால் மடிப்புப் பிரியும். அது சாவி. அந்தச் சாவியை பாக்டீரியா சும்மா செய்யாது. அரபினோஸ் என்று ஒரு சீனி இருக்கிறது, அதை ஊட்டினால்தான் செய்யும். சீனி போட்டால் பச்சை, போடாவிட்டால் இருட்டு. இவ்வளவுதான். யோசனை வெளிநாட்டாருடையது, அதை நான் என்னுடையது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர்களுடைய பூட்டைவிட இறுக்கமான ஒரு பூட்டை எழுதினேனே, அந்த மடிப்பு என்னுடையது. எழுத்துக்கு எழுத்து என்னுடையது.

அதை ரயிலில் உட்கார்ந்துதான் எழுதினேன். ஒரு கொப்பி நிறைய ஏ, யூ, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளையே வரிவரியாக எழுதி, எது எதோடு சேரும் என்று கோடு போட்டு, அடித்து, திரும்ப எழுதுவேன். ஒருநாள் சாவடியில் ஒரு சிப்பாய் அந்தக் கொப்பியைத் திறந்துவிட்டான். பக்கம் பக்கமாகப் புரியாத எழுத்துகள். அவன் என்னைப் பார்த்தான், என் நெற்றியில் இருந்த பொட்டைப் பார்த்தான், கொப்பியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான். அந்த நாட்களில் இதைவிடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் பிள்ளைகளைக் கொண்டுபோயிருக்கிறார்கள். என் வாய் எனக்குப் பெரிய ஆயுதம் என்று நினைத்திருந்தேன், அன்றைக்கு அது ஒட்டிக்கொண்டது.

சிறிது நேரத்தில் இளம் அதிகாரி ஒருவர் கொப்பியோடு வெளியே வந்தார். என்ன ரகசிய எழுத்து இது என்று சிங்களத்தில் கேட்டார். மரபணு சம்பந்தப்பட்டது என்றேன். அவர் இன்னும் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "அப்படியானால் டீ என்ற எழுத்து எங்கே?" என்றார். பள்ளி உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தவர் போலிருக்கிறது. அதைக் கேட்டதும் ஒட்டிக்கொண்ட வாய் திறந்துகொண்டது. "இது டி.என்.ஏ. இல்லை, ஆர்.என்.ஏ. இதில் டீ வராது, யூதான் வரும். பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்திருப்பார்களே" என்றேன். கடைசி வசனம் தேவையில்லாதது. சொன்ன பிறகுதான் உறைத்தது. அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, கொப்பியை மூடிக் கையில் தந்து, போகச் சொன்னார். ஆய்வுகூடத்துக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அந்த மடிப்பை முதல் எழுத்திலிருந்து மறுபடி சரிபார்த்தேன்.

எங்கள் ஆய்வுகூடத்தில் பாக்டீரியா வளர்க்கும் வேலை ஒரு தொழில்நுட்ப உதவியாளர் கையில் இருந்தது. கெலிஓயாக்காரர், முஸ்லிம், என்னைவிட இருபது வயது மூத்தவர். அண்ணன் என்பதற்கு அவர்கள் சொல்கிற மாதிரி நான் அவரை நானா என்று கூப்பிடுவேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். பாக்டீரியாவுக்கான உணவுத்தூள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். யுத்த காலத்தில் ஆய்வுகூடத்துக்கு வரும் போத்தல் ஒவ்வொன்றுக்கும் அனுமதிக் கடிதம், அந்தக் கடிதத்துக்கு இன்னொரு கடிதம். பெட்டிகள் துறைமுகத்திலேயே மாதக்கணக்கில் கிடக்கும். நானா அதற்கெல்லாம் காத்திருக்கும் ஆள் இல்லை. கடையில் விற்கிற சோயா மீட் உருண்டைகளை வாங்கி வந்து, பழைய இருப்பில் இருந்த அமிலத்தோடு பிரஷர் குக்கரில் வேகவைத்து, சோடா போட்டுப் புளிப்பை எடுத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி ஒரு மஞ்சள் தண்ணீர் செய்வார். அதில் பாக்டீரியா மளமளவென்று வளரும். பக்கத்து ஆய்வுகூடத்துக்காரர்கள் போத்தலோடு வந்து வாங்கிப் போவார்கள்.

"வெளிநாட்டுச் சாப்பாட்ட விட என்ட சாப்பாட்டுலதான் அதுகள் கொழுத்துப் போய் ஈக்கிது" என்பார் நானா. அது உண்மைதான். அந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் எங்கள் ஆய்வுகூடத்தை இரண்டு வருடத்துக்கு முன்பே பூட்டியிருப்பார்கள்.

என் பூட்டு தயாரானதும் அந்தத் தண்ணீரில்தான் சோதித்தேன். ஒரு குழாயில் சீனி போட்டேன், இன்னொன்றில் போடவில்லை. ஜன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டிய சாமான் அறைதான் எங்கள் இருட்டறை. விளக்கைப் பிடித்தேன். சீனி போட்ட குழாய் பச்சையாக ஒளிர்ந்தது, எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த குழாயைப் பிடித்தேன். அதுவும் ஒளிர்ந்தது. கொஞ்சம் மங்கல், ஆனாலும் பச்சை.

திரும்பச் செய்தேன், மறுபடியும் அதே பச்சை. குழாய்களை மாற்றி, தண்ணீரை மாற்றி, கையை மூன்று தரம் கழுவிச் செய்தேன். நான்கு மாதம் போனது. என் மேற்பார்வையாளர் ஒரு சிங்களப் பேராசிரியை. நல்லவர், அளந்து பேசுபவர். "உன் மடிப்பு ஒழுகுகிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, இப்படிப்பட்ட வடிவமைப்புகள் ஒழுகத்தான் செய்யும்" என்றார். எனக்கு அவர் மேல் வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. குறை மடிப்பில்தானா என்று சோதித்துப் பார்க்கவும் வழியில்லை. சாவி மரபணுவே இல்லாத பாக்டீரியாவைச் செய்து பார்த்தால் தெரிந்துவிடும், ஆனால் அதற்குத் தேவையான, மரபணுவை வெட்டும் நொதியம் துறைமுகத்தில் கிடந்தது.

இரண்டாம் வருட மதிப்பீட்டுக்கு ஆறு வாரம் இருந்தது. கொழும்பிலிருந்து வெளிப் பரீட்சகர் வருவார். அவர் கையெழுத்துப் போட்டால் கலாநிதிப் பட்டத்துக்கு நான் தொடரலாம். போடாவிட்டால் அந்தத் தலைப்பு அதோடு முடிந்தது, என் தற்காலிக வேலையும் முடிந்தது. வேறு தலைப்பு தருகிறோம், மண்ணில் உள்ள பாக்டீரியாவை எண்ணிக் கொடு என்றார்கள். நான் போய் எண்ணுவதா? அதற்கு நாவலப்பிட்டிக்குப் போய் டியூஷன் கொடுக்கலாம் என்று கத்திவிட்டு வந்தேன். வீட்டில் வந்து அழுதேன்.

அப்பாவிடம் இதை நான் விளக்கியதே இல்லை. அன்றைக்கு அவர் விடவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தார். பச்சை விழக் கூடாத இடத்தில் பச்சை விழுகிறது என்று சொன்னேன்.

"அது பெரிய வெவகாரமாச்சே" என்றார் அப்பா. சிக்னல்காரருக்குப் பச்சை விழாமல் போவதைவிட இது மோசமான செய்தி. அப்புறம், "ஆனா பச்சை தானா விழாதும்மா. நீ இழுக்கலன்னா வேற யாரோ லீவரை இழுத்திருக்காங்க" என்றார். லீவர் பழுதாக இருக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்களே என்றேன். "லீவர் செஞ்சது நீதானே? பழுதுன்னு நீ நினைக்கிறியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். நினைக்கவில்லை, ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை.

அடுத்த வாரம் பெருநாள் வந்தது. நானா நான்கு நாள் லீவு போட்டுக் குடும்பத்தோடு கலகெதரவில் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டார். சோயாத் தண்ணீர் முதல் நாளே முடிந்துவிட்டது. காத்திருக்கும் பொறுமை எனக்குக் கிடையாது. அலுமாரியைக் குடைந்ததில், பழைய வெளிநாட்டு உணவுத்தூள் போத்தல் ஒன்றின் அடியில் ஈரம் பட்டுக் கல்லாக இறுகிய கட்டி அகப்பட்டது. அதைச் சுரண்டி, இடித்து, கரைத்து, நான்கு குழாய்க்கு மட்டும் தேற்றினேன். இரண்டில் சீனி போட்டேன், இரண்டில் போடவில்லை.

மறுநாள் இருட்டறையில் சீனி போட்ட இரண்டும் ஒளிர்ந்தன. மற்ற இரண்டும் தெரியவில்லை. பாக்டீரியா செத்துவிட்டதாக்கும் என்று வெளியே கொண்டுவந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். குழாய் பால் மாதிரிக் கலங்கியிருந்தது, நிறைய வளர்ந்திருக்கிறது. திரும்ப உள்ளே கொண்டுபோனேன், இருட்டு. வெளியே, உள்ளே என்று எத்தனை தரம் நடந்தேன் என்று தெரியாது. பிறகு அந்த இருட்டுக் குழாய்களில் ஒன்றில் சீனி போட்டு வைத்தேன். சாயந்தர ரயிலுக்குப் புறப்படும் முன் பார்த்தால் அது பச்சையாகியிருந்தது. சாமான் அறைக்குள் நின்று தனியாகக் கத்தினேன். என் பூட்டு ஒழுகவில்லை. லீவரை இழுத்தது சோயா.

நானா திரும்பி வந்ததும் ஆத்திரக்காரியாகப் போய் நேரே சொல்லிவிட்டேன். அது என் தப்பு, கொஞ்சம் நயமாகச் சொல்லியிருக்கலாம்.

"என்ட சோயாவில என்ன கொற ஈக்கிது? இவ்வளவு காலமா இந்த லெப்ல எல்லாரும் அதிலதானே வளக்கிய?" என்றார். பெருநாளுக்கு எனக்கென்று கொண்டுவந்திருந்த தொதல் இனிப்பை மேசையில் வைத்துவிட்டு, அடுத்த இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவர் கேட்டது நியாயம். சோயாத் தண்ணீரில் அரபினோஸ் கலந்திருக்க வேண்டும் என்பது என் கணக்கு, ஆனால் வேறு யாருடைய பாக்டீரியாவும் அந்தச் சீனிக்குக் காது கொடுப்பதில்லை. அதனால் அது அங்கே இருப்பதே யாருக்கும் தெரியவில்லை.

மூன்றாம் நாள் நான் வடிதாளில் கீழ் ஓரமாக இரண்டு துளி வைத்தேன்: ஒன்று சுத்தமான அரபினோஸ், ஒன்று சோயாத் தண்ணீர். ஈரம் தாளில் ஊறி ஏறும்போது ஒவ்வொரு சீனியும் அதனதன் உயரத்தில் நிற்கும். சீனிக்கு நிறம் கொடுக்கும் மருந்தைத் தெளிக்கும் வேலையை நானாவிடம் கொடுத்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டே தெளித்து, சூடான தட்டில் காட்டினார். சோயாப் பக்கத்தில் பல புள்ளிகள் வந்தன. அதில் ஒன்று சிவந்து, அரபினோஸின் புள்ளிக்கு நேர் எதிரே, அதே உயரத்தில் நின்றது. அமிலத்தில் வேகும்போது சோயாவுக்குள் கட்டுண்டு கிடந்த சீனி கழன்று தண்ணீரில் இறங்கியிருக்கிறது. நானா தாளை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"பாக்டீரியாக்குத் தெரிஞ்சீக்கிது. எனக்குத்தான் தெரியல்ல" என்றார். பிறகு தொதல் பொட்டலத்தை அவரே பிரித்து எனக்கு ஒரு துண்டு வெட்டித் தந்தார்.

பேராசிரியை யாரையோ பிடித்து ஒரு போத்தல் வெளிநாட்டுத் தூள் வரவழைத்தார். என் சோதனைகளையெல்லாம் அதில் திரும்பச் செய்து பெறுபேறுகளை எடுத்தேன். மதிப்பீட்டு நாளும் வந்தது. பரீட்சகர் யாழ்ப்பாணத்துக்காரர், கொழும்பில் பேராசிரியர், மெலிந்த உருவம், குரலை உயர்த்தவே மாட்டார். என் அறிக்கையைப் பக்கம் பக்கமாகப் படித்தார். நான்கு மாதம் ஒளிர்ந்த பூட்டு இரண்டு வாரத்தில் இறுகிவிட்டதை அவர் நம்பவில்லை, அது அவர் முகத்திலேயே தெரிந்தது. "சோயாவின் மேல் பழியைப் போடுவது சுலபம்" என்றார் ஆங்கிலத்தில். எனக்குக் காது சூடாகியது.

அவரே ஒரு சோதனை வைத்தார். ஐந்து குழாய்களில் என் பாக்டீரியாவை வளர்த்துக் கொடுக்க வேண்டும், நான் வெளியே போய்விட வேண்டும். எந்தக் குழாயில் சீனி போட்டார் என்று அவருக்கு மட்டும் தெரியும். மற்றவற்றில் அதே அளவு தண்ணீர். காலையில் பார்க்கலாம் என்றார். நானாதான் அந்த அறையின் சாவியை வைத்திருந்தார். போகும்போது அவர் முகத்தைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்க்கவில்லை.

காலையில் இருட்டறைக்குள் நால்வரும் நெருக்கியடித்து நின்றோம்: பரீட்சகர், பேராசிரியை, நான், கதவடியில் நானா. விளக்கைப் போட்டேன். முதல் குழாய் பச்சை, நன்றாக எரிந்தது. இரண்டாவது இருட்டு. மூன்றாவது இருட்டு. நாலாவது பச்சை. ஐந்தாவது இருட்டு.

பேராசிரியை மூச்சை இழுத்துவிட்டது எனக்குக் கேட்டது. அதுவரை ஆங்கிலத்தில் மட்டுமே பேசிய பரீட்சகர் அந்த இருட்டில் தமிழுக்கு மாறினார். அந்தக் காலத்தில் அரசாங்கக் கட்டடத்துக்குள் யாரும் என்னோடு தமிழில் பேசியதில்லை, நானாவைத் தவிர.

"பிள்ளை, நான் ஒண்டுக்குத்தான் சீனி போட்டனான். ரெண்டு பச்சையா நிக்குதே. உம்மட பூட்டுத் திறந்து கிடக்குதோ?"

ஒழுகுகிறது என்று ஒத்துக்கொண்டால் மண்ணை எண்ணப் போக வேண்டும். நாலாவது குழாயை மறுபடி பார்த்தேன். அது முதல் குழாயைப் போல எரியவில்லை, மங்கலாக இருந்தது. அந்த மங்கலை எனக்குத் தெரியும். நான்கு மாதம் ஒவ்வொரு நாளும் நான் திட்டிய பச்சை அது. ஒழுகுகிற பூட்டென்றால் ஐந்தும் ஒழுக வேண்டும், ஒன்று மட்டும் ஒழுகாது. பரீட்சகர் பொய் சொன்னார் என்பதற்குச் சமமான வார்த்தையைச் சொல்லப் போகிறேன் என்று தெரிந்துதான் வாயைத் திறந்தேன்.

"பூட்டு சரியாத்தான் இருக்கு சேர். நீங்க சீனி போட்டது முதல் குழாய்ல. நாலாவதுல எங்க சோயாத் தண்ணிய ஊத்தியிருக்கீங்க."

கதவடியிலிருந்து நானா இருமினார்.

"நான் ஊத்தல்ல தங்கச்சி. சேர் கேட்டாரு, ஒரு போத்தல்ல குடுத்தன். யாருக்கும் சொல்லப்படாதுன்னு சொன்னாரு. வாய மூடிக்கிட்டு ஈக்க நான் பட்ட பாடு அல்லாவுக்குத்தான் தெரியும்."

பரீட்சகர் சிரித்தார். "ஒரு தேக்கரண்டிகூட இல்லை, பிள்ளை" என்றார். "உம்மட பாக்டீரியா அதையும் பிடிச்சிட்டுதே." பேராசிரியையின் பக்கம் திரும்பி, கையெழுத்துப் போட வேண்டிய படிவத்தை மேசையில் எடுத்து வைக்கும்படி ஆங்கிலத்தில் சொன்னார். பேராசிரியை என் தோளை ஒரு முறை அழுத்திவிட்டு வெளியே போனார். என் கண் நிறைந்துவிட்டது. இருட்டாக இருந்தது நல்லதாகப் போயிற்று.

"மத்த மூணையும் பாருங்க சேர்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். விளக்கு நேராக விழுந்துகொண்டிருந்தது. "ஒண்டுமே தெரியேல்லையே" என்றார்.

"ஆமா சேர்" என்றேன். "அதத்தான் நான் செஞ்சேன்."